வலது கள்ளனுக்கு நான் சொல்லாத வார்த்தை

சத்தியமாகச் சொல்கிறேன் தம்பி. எங்கள் ஊர் சந்தியாகப்பர் மேல் ஆணை, அவர் ஏறியிருக்கிற வெள்ளைக் குதிரை மேல் ஆணை. நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துப் பொய் இருந்தால் இந்த பஸ் ஸ்ரீவைகுண்டம் தாண்டக்கூடாது! முன் சீட்டு அம்மா திரும்பி முறைக்கிறார்கள். பயப்படாதீர்கள் அம்மா, பஸ் தாண்டும். அந்த அளவுக்கு உண்மை.

காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள் தம்பி, அந்த ஒயர்கூடையில் மீன் இருக்கிறது. பனிக்கட்டி போட்டுத்தான் கட்டியிருக்கிறேன், இருந்தாலும் வாடை வரும். மகளைப் பாளையங்கோட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறேன், அவளுக்கு. மீனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊர் கடற்கரை. ஊர்ப் பெயர் வேண்டாம். ஊரில் எனக்குப் பெயர் இரண்டு. ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒன்று, ஊர் வைத்தது ஒன்று. ஊர் வைத்தது ‘புளுகர்’. ஏன் வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு தடவை என் வெற்றிலைப் பெட்டி கடலில் விழுந்தது. ஒரு சுறா அதை விழுங்கிவிட்டது. அடுத்த வருஷம் அதே சுறா என் வலையில் வந்து மாட்டியது. வயிற்றைக் கீறினால் பெட்டி அப்படியே இருக்கிறது, உள்ளே வெற்றிலை வாடவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். அதற்குப் போய்ப் புளுகர் என்று பேர் வைக்கிறவர்களை என்ன செய்வது? நீங்களே சொல்லுங்கள், கடலுக்கு அடியில் குளிர்ச்சிதானே, வெற்றிலை எப்படி வாடும்?

சரி. குரல் எனக்கு ஆண்டவர் கொடுத்தது. அதை ஊரே ஒத்துக்கொள்ளும். கரையில் நின்று கூப்பிட்டால் தூரக் கடலில் வலை இழுக்கிற மடிவலைக்காரன் திரும்பிப் பார்ப்பான். அதனால்தான் பெரிய வெள்ளிக்கிழமை பாஸ்குவில் ஆண்டவருக்குக் குரல் நான்.

பாஸ்கு பார்த்ததில்லையா? ஆண்டவர் பாடுபட்டதை நாடகமாகப் போடுவது. மற்ற ஊர்களில் தாடி ஒட்டிக்கொண்டு ஒருவன் ஆண்டவராக நடிப்பான். எங்கள் ஊரில் அது கிடையாது. எங்கள் பாட்டன் காலத்தில் ஒருவன் அப்படி நடித்துவிட்டு, சனிக்கிழமை கள்ளுக்கடையில் கிரீடத்தோடு கிடந்தானாம். அன்றிலிருந்து மனுஷனுக்கு அந்த வேஷம் இல்லை. நடுச் சிலுவையில் ஆண்டவரின் மரச் சிலைதான், சுரூபம் என்போம். கழுத்துக்குள்ளே ஒரு கயிறு ஓடும். உயிர் விடுகிற நேரத்தில் பின்னாலிருந்து கயிற்றை இழுத்தால் தலை சாயும். பாய்த்துணித் திரைக்குப் பின்னால் நான் நிற்பேன். மைக்கும் என்னிடம், கயிறும் என்னிடம். வருஷம் முழுக்க என் வாயை நம்பாத ஊர், அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் முட்டிபோட்டுக்கொண்டு கேட்கும்.

இரண்டு பக்கமும் இரண்டு கள்ளர்கள். அவர்கள் நிஜ ஆட்கள். இடது கள்ளன் எங்கள் குருசு. கோமாளிப் பயல், ஆண்டவரை ஏசச் சொன்னால் கூட்டத்தில் இருப்பவர்களையும் சேர்த்து ஏசுவான். வலது கள்ளன் அப்படி இல்லை. அதற்கு ஒரு முறை இருக்கிறது. இதைக் கவனமாகக் கேளுங்கள், இதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஊரில் எவனுக்காவது மனசில் பெரிய பாவம் கிடந்து அறுத்தால், தவக்காலத்து முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் போய் அந்தச் சுரூபத்துக்கு வலப்பக்கம் நிற்பான். வாய் திறந்து கேட்க வேண்டாம், நின்றால் போதும். என்ன பாவம் என்று யாரும் விசாரிக்கக்கூடாது. பாவசங்கீர்த்தனத்தில் காதோடு கேட்ட கோயில் சாமியாருக்கு மட்டும் தெரியும். அந்த வருஷம் அவன்தான் வலது கள்ளன். சிலுவையில் கட்டுவார்கள். அவன், “சுவாமி, உம்முடைய வாசலில் என்னையும் ஒரு ஓரமாய் நிற்க விடும்” என்று கேட்பான். நான் ஆண்டவர் குரலில், “கள்ளனே, பொழுது சாயுமுன் என் வீட்டில் உனக்கு இடமுண்டு” என்பேன். அவ்வளவுதான். அந்த வார்த்தை விழுந்ததும் ஊர் முழுக்க ஆமென் சொல்லும். அதற்குப் பிறகு அவன் செய்த எதையும் எவனும் வாயில் எடுக்கக்கூடாது. கணக்குத் தீர்ந்தது. எடுத்தவனை ஊர்க் கமிட்டி கூப்பிட்டு நிறுத்திக் கேள்வி கேட்கும்.

நல்ல முறைதான். நானே எத்தனையோ பேருக்கு இடம் கொடுத்திருக்கிறேன். அடுத்தவன் வீட்டுப் பாவத்துக்கு இடம் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

எனக்கு ஒரு மகன் இருந்தான். ராயப்பன். 

கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதா தம்பி? இல்லையா, பரவாயில்லை.

ராயப்பனும் இன்னாசியும் ஒரே வள்ளத்தில் போவார்கள். இன்னாசி எங்கள் தெருப் பையன், என் வீட்டில் சோறு தின்று வளர்ந்தவன், என்னை மாமா என்பான். வலையை விரித்துவிட்டுக் கடலில் கிடக்கும்போது ஒருவன் தூங்கினால் ஒருவன் விழித்திருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். கப்பல் போகிற வழி. அன்றைக்கு விளக்கு எரியவில்லை. வள்ளத்தின் மேல் கப்பல் ஏறிவிட்டது. காலையில் பக்கத்து ஊர்க்காரர்கள் இன்னாசியை ஒரு காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டிப்பிடித்தபடி எடுத்தார்கள். ராயப்பன் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவன் வேட்டி சட்டையைத்தான் அடக்கம் செய்தோம்.

கரையேறியதும் இன்னாசி ஒன்று சொன்னான். “காவல் முறை ராயப்பனுக்கு. அவந்தான் தூங்கிட்டான்.”

அவ்வளவுதான். செத்தவன் மறுத்துப் பேசவா போகிறான்? ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. தூங்கிச் செத்தவன். எவனாவது காவலில் கண் அசந்தால், “லேய், ராயப்பன் மாதிரி போயிராத” என்பார்கள். எதிரே நான் வருவதைப் பார்த்தால் நிறுத்துவார்கள். அது இன்னும் மோசம்.

என் பிள்ளை தூங்கமாட்டான் தம்பி. தொட்டிலில் கிடந்த காலத்திலேயே கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பான், அவன் அம்மா பயந்து வேப்பிலை செருகுவாள். இதை நான் ஊரில் சொன்னேன். தெருத்தெருவாகச் சொன்னேன். “ஆமா புளுகரே, சுறா வயித்துல வெத்தல வாடல, ஒம்ம மவன் தூங்கல” என்றார்கள். நான் சொன்ன ஒரே ஒரு... விடுங்கள். நான் சொன்னது எல்லாமே உண்மைதான்.

இந்த வருஷம் தவக்காலத்து முதல் ஞாயிறு. பூசை முடிந்தது. இன்னாசி எழுந்து போய்ச் சுரூபத்துக்கு வலப்பக்கம் நின்றான்.

எனக்கு விளங்கிவிட்டது. ஊருக்கு விளங்கவில்லை. குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்திருப்பான் என்று ஊர் நினைத்தது. எனக்குத் தெரியும், அவன் என் மகனைத்தான் தூக்கிக்கொண்டு அங்கே நிற்கிறான். பெரிய வெள்ளிக்கிழமை என் வாயாலேயே நான் அவனுக்கு இடம் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அன்றோடு முடிந்தது. அவன் என்ன செய்தான் என்று எவனும் கேட்க முடியாது, நானும் கேட்க முடியாது. இன்னாசி சுத்தமாகிவிடுவான். என் பிள்ளை மட்டும் உலகம் உள்ளவரை தூங்கிச் செத்தவனாகவே கிடப்பான்.

நேராகச் சாமியார் குடியிருக்கிற பங்களாவுக்குப் போனேன். சாமியார் சின்ன வயசு, நல்ல மாதிரி. காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“சாமி, இன்னாசி என்ன பாவம் சொன்னான்?”

“கயத்தான், அத நான் சொல்லலாமா?”

அடடா, என் பேரைச் சொல்லித் தொலைத்துவிட்டேனே. சரி, கேட்காத மாதிரி இருந்துகொள்ளுங்கள்.

“சொல்லாண்டாம். வேற ஒண்ணு கேக்குதேன். ஆண்டவரு நீதி பாக்கவரா, இரக்கப்படவரா?”

“ரெண்டுந்தான்.”

“ஒரே தராசுல ரெண்டு தட்டும் கீழ எறங்குமா சாமி?”

சிரித்தார். “இத வச்சுப் பெரிய பெரிய புஸ்தகமெல்லாம் எழுதிருக்காங்க. நானும் படிச்சேன். இன்னும் முடிஞ்சபாடில்ல.”

“நான் படிக்காதவன், சுருக்கமா கேக்குதேன். வேதத்துல வர்ற அந்த வலது கள்ளன் யாரையாவது அடிச்சுப் பறிச்சிருப்பாம்லா? கொன்னும் இருப்பாம்லா? செத்தவனோட அப்பன் அன்னைக்கு அந்தக் கூட்டத்துல நின்னுருந்தா? ‘வே பெரியவரே, இவனுக்கு நான் எடம் குடுக்கப்போறேன், ஒமக்குச் சம்மதமா’ன்னு ஆண்டவரு அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டாரா?”

சாமியார் காபியைக் கீழே வைத்தார். காபியில் ஆடை படிந்துவிட்டது.

“கேட்டதா எழுதல கயத்தான்,” என்றார். “அந்த அப்பன் நின்ன எடத்துல நான் நின்னா என்ன செய்வேன்னும் எனக்குத் தெரியல.”

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. சண்டை போடப் போனவனிடம் சட்டென்று தோற்றுப்போகிற சாமியாரை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? “ஒமக்குக் கஷ்டமா இருந்தா இந்த வருஷம் உபதேசியார் லேயோன் பேசட்டும்” என்றார். லேயோனுக்கு ஆட்டுக்குட்டிக் குரல். ஆண்டவர் சிலுவையில் தொங்கிக்கொண்டு கத்துவது மாதிரியா இருக்கும்? “நானே பேசுதேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். கலைக்காகத்தான் தம்பி. வேறு எண்ணம் ஒன்றும் கிடையாது.

பெரிய வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் பின்னால் மணல்மேடு, மத்தியான வெயில், பங்குனி முடிகிற நேரம். மூன்று சிலுவையும் ஏற்றியாகிவிட்டது. திரைக்குப் பின்னால் நான், பக்கத்தில் வசனம் எடுத்துக்கொடுக்க லேயோன். திரையில் ஒரு கிழிசல் உண்டு, அது வழியாக எல்லாம் தெரியும். குருசு தன் ஏச்சை ஏசி முடித்தான். இன்னாசி தலையைத் தூக்கினான்.

“சுவாமி, உம்முடைய வாசலில் என்னையும் ஒரு ஓரமாய் நிற்க விடும்.”

நான் பேசவில்லை.

லேயோன் முழங்கையால் இடித்தான். “வே, ஒம்ம வசனம்.” நான் பேசவில்லை. மைக் செட்டுக்காரன் ஓடிவந்து வயரை ஆட்டிப் பார்த்தான். ஒலிபெருக்கி நன்றாகத்தான் இரைந்துகொண்டிருந்தது. இன்னாசி மறுபடியும் கேட்டான். கூட்டத்தில் சலசலப்பு. குருசு இடது சிலுவையிலிருந்து கத்தினான்: “அண்ணே, அவனுக்கு இல்லன்னா அந்த எடத்த எனக்காவது குடும். முதுகு அரிக்குது, சொறிய ஆளில்ல!” ஊரே சிரித்தது. இன்னாசி சிரிக்கவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. கழுத்தைத் திருப்பி, சுரூபத்தைப் பார்க்காமல், அதற்குப் பின்னால் இருக்கிற திரையைப் பார்த்தான்.

“மாமா,” என்றான்.

சிரிப்பு நின்றுவிட்டது.

“மாமா, நான் சொல்லிருதேன். காவல் முற எனக்கு. குடிச்சிருந்தேன். வெளக்கு அணைஞ்சது தெரியும், எந்திரிச்சுக் கொளுத்தச் சோம்பல்பட்டுப் படுத்துட்டேன். ராயப்பன் தூங்கிட்டுத்தான் இருந்தான், அது அவன் தூங்குத முற, அவன் தூங்கலாம். கப்பல் சத்தம் கேட்டு அவந்தான் முதல்ல முழிச்சான். கேன எடுத்து என் கையில குடுத்துட்டு அடுத்தத எடுக்கப் போனான். அடுத்தது இல்ல மாமா. ஒரு கேன்தான் இருந்துது.”

இதற்கு மைக் இல்லை. ஆனாலும் கடைசி வரிசைக் கிழவிக்குக்கூடக் கேட்டது. ‘ராயப்பன் மாதிரி போயிராத’ என்று சொன்ன வாய்கள் எல்லாம் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். முகத்திலேயே தெரிகிறது. எதற்குச் சொல்ல வேண்டும்? நீதி கிடைத்துவிட்டதாம்! என்ன கிடைத்தது? பிள்ளையின் பேர் கிடைத்தது. பிள்ளை கிடைத்தானா? அதுவும், கேனைக் கொடுத்துவிட்டுப் போனான் என்று இப்போது ஒரு சேதி. இத்தனை நாளும் தெரியாமல் இருந்தது. தெரிந்து என்ன செய்வது? எனக்கு ஆத்திரம் இன்னும் கூடிவிட்டது தம்பி. தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுருட்டி என் வாயில் திணித்துக்கொண்டேன். லேயோன் மைக்கைப் பிடுங்கப் பார்த்தான், ஒரு தள்ளு தள்ளினேன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னாசிக்குக் கால் வைக்கிற பலகையில் பிடி நழுவிவிட்டது. உடம்பு கயிற்றில் தொங்கியது. குருசு கோமாளித்தனத்தை விட்டுவிட்டான். “அண்ணே, வெளையாட்டில்ல, இவன் நெசமாவே போயிருவான்!” நாலு பேர் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்னாசி தலையை ஆட்டினான். “அவுக்காதிய. அந்தக் குரல் வரட்டும். வரலன்னா நான் எறங்க மாட்டேன்.” ஏணிக்காரர்கள் நின்றுவிட்டார்கள். சாமியார் முன்வரிசையில் எழுந்து நின்றார். அவரும் திரையைத்தான் பார்த்தார். எல்லோரும் திரையைத்தான் பார்த்தார்கள்.

இப்போது சொல்வதை நன்றாகக் கேளுங்கள். என் வாயில் துண்டு இருந்தது. பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் மைக். அப்போது குரல் வந்தது.

என் குரல்தான். ஒலிபெருக்கியில்தான் வந்தது. ஆனால் நான் பேசவில்லை.

பாஸ்கு வசனமும் அது இல்லை. கள்ளனே என்றும் இல்லை, இடமுண்டு என்றும் இல்லை. “எறங்கி வா மக்கா. வெயிலாயிட்டு. வீட்டுக்குப் போவோம்.” இவ்வளவுதான் வந்தது. ராயப்பன் சின்னப் பையனாக அலையில் ஆடிக்கொண்டிருக்கும்போது நான் கரையில் நின்று கூப்பிடுவேன் பாருங்கள், அதே மாதிரி இருந்ததாம். கேட்ட பொம்பிளைகள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அதோடு, நேராகக் கீழே மட்டும் சாயத் தெரிந்த சுரூபத்தின் தலை இருக்கிறதே, அது வலப்பக்கம் திரும்பிச் சாய்ந்தது. நான் கயிற்றை இழுக்கவே இல்லை. கை நடுங்கியிருக்கலாம். நடுங்கினால் கழுத்து திரும்புமா?

“நீருதான்வே சொன்னீரு. துண்ட உருவிட்டுச் சொன்னீரு, நான் பக்கத்துல நின்னு பாத்தேன்,” என்கிறான் லேயோன். அவனுக்குக் கண்ணில் புரை. “அப்பறம் அந்தத் துண்டுலயே மொகத்தப் பொத்திட்டு ஒக்காந்துட்டீரு” என்றும் சொல்கிறான். வெயில் தம்பி, வேர்த்திருக்கும், துடைத்திருப்பேன்.

நான் மன்னிக்கவில்லை. இது உறுதி. ஆண்டவர் செய்த வேலையைப் பாருங்கள்: என்னிடம் சம்மதம் கேட்கவில்லை என்றுதானே சாமியாரிடம் சண்டை போட்டேன்? கேட்காமலே என் குரலைத் திருடிக்கொண்டு போய், என் பிள்ளையைக் கூப்பிடுகிற வார்த்தையையும் திருடிக்கொண்டு போய், அவனுக்குக் கொடுத்துவிட்டார். அந்த மூன்று சிலுவையில் பெரிய கள்ளன் யார் என்று இப்போது தெரிகிறதா? இதை நான் யாரிடம் போய் முறையிடுவது? ஊரில் சொன்னேன். “நான் சொல்லல, சத்தியமா நான் சொல்லல” என்றேன். “ஆமா புளுகரே” என்று சிரிக்கிறார்கள். ஆனால் இப்போதெல்லாம் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருக்கிறது. கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னாசி மட்டும் சிரிப்பதில்லை. கரையேறினால் முதலில் என் வாசலுக்குத்தான் வருகிறான். நல்ல மீனாகப் பார்த்து வைத்துவிட்டுப் போய்விடுகிறான். அவன் மீனை நான் கையால் தொடுவதில்லை. ஊளி மீன் என்றால் ராயப்பனுக்கு உயிர், அதனால் ஊளி மட்டும் எடுத்து வைப்பேன். வீணாகக்கூடாது பாருங்கள். இந்தக் கூடையில் இருப்பது அதுதான். மகள் கேட்டாள்.

அவன் இப்போது வள்ளத்தில் இரண்டு விளக்கு வைத்திருக்கிறான், ஒன்று அணைந்தால் இன்னொன்று. நான் சும்மா கரைக்குப் போய் நிற்பேன். தூக்கம் வராத வயசு, வேறு வேலை இல்லை. கடலில் இரண்டு வெளிச்சமும் தெரிந்தால் வீட்டுக்கு வந்து படுத்துவிடுவேன்.

நீங்கள் நம்பவில்லை. வெற்றிலைப் பெட்டியை நம்பினீர்கள், இதை நம்பவில்லை!

போகட்டும், ஒரே ஒரு உபகாரம் செய்யுங்கள். இதை எங்கள் பக்கத்து ஆட்கள் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். நான் மறுத்ததைப் புளுகர் பேச்சு என்று ஊர் தள்ளிவிட்டது, நீங்கள் சொன்னால் நம்பிவிடுவார்கள்; இன்னாசியிடம் நான் மறுக்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று, அவனைக் கண்டால் கொல்லைப்புறமாகப் போய்விடுகிறேன். அந்த வார்த்தை என்னுடையது என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அதைப் பிடித்துக்கொண்டுதான் மிதக்கிறான் பயல். அது என்னுடையது இல்லை என்று அவன் காதில் விழுந்தால் கை விட்டுவிடுவான். ஒருவன் போனது போதும்.

பஸ் ஸ்ரீவைகுண்டம் தாண்டிவிட்டது, கவனித்தீர்களா? அந்தக் கூடையை மட்டும் கொஞ்சம் நிமிர்த்தி வையுங்கள், நசுங்கிவிடப் போகிறது. எப்போதாவது பேச்சு வந்து, யார் சொன்னது என்று எவனாவது கேட்டால், பஸ்ஸில் ஒரு புளுகர் சொன்னார் என்று சொல்லிவிடாதீர்கள், உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பொய்யே பேசத் தெரியாத ஒரு பெரியவர் சொன்னார் என்று சொல்லுங்கள். எங்கள் ஊரில் யாருக்கும் என் ஞாபகம் வராது.